டிஸ்டன்ஸ் மென்பொருள்: பார்க்கத் தவறிய மான்களுக்கும் கணக்குக் கேட்கும் கருவி

கொங்கு நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பெரிய புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. பொள்ளாச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆனைமலை 2007இல் அறிவிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,408 சதுர கிலோமீட்டர். இந்தக் காடுகளில் களப்பணி முடித்துத் திரும்பும் ஆய்வு மாணவர்கள், குறிப்பேடு நிறைந்த எண்களோடு புள்ளியியல் ஆசிரியர்களைத் தேடி வருகிறார்கள். எந்த மென்பொருளில் போட்டால் விடை வரும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. புள்ளிமான், கடமான், காட்டுமாடு போன்ற தாவர உண்ணிகளை எண்ணி வந்தவர்களுக்கு நான் காட்டுவது, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாக வழங்கப்படும் ‘டிஸ்டன்ஸ்’ என்ற மென்பொருளை. நீண்ட காலமாக அதைப் பயன்படுத்தியும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது தீர்க்க முயலும் சிக்கலைச் சொல்ல வேண்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் எத்தனை மாடுகள் வந்தன என்று அறிய, கயிற்றில் கட்டி நிறுத்தியிருப்பவற்றை வரிசையாக எண்ணினால் போதும். காட்டில் அப்படி முடியாது. உண்ணிச்செடிப் புதரை ஒட்டி நடப்பவர், பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் மானைப் பார்த்துவிடுவார். ஐம்பது மீட்டரில் நிற்பதைப் பாதி வேளைகளில் தவறவிடுவார். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பது தலையைத் தூக்கினால்தான் தெரியும். ஆகவே பார்த்த விலங்குகளின் எண்ணிக்கை என்பது இருந்த விலங்குகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கான நிகழ்தகவையும் பெருக்கி வந்த தொகை. இந்த இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வொரு விலங்குக் கூட்டமும் நடைபாதையிலிருந்து எவ்வளவு செங்குத்துத் தொலைவில், அதாவது பாதைக்குக் குறுக்கே நேராக அளந்தால் எவ்வளவு தொலைவில், நின்றது என்பதை அளந்துகொள்கிறோம். தொலைவு கூடக் கூடப் பார்வைகள் எந்த வேகத்தில் குறைகின்றன என்பதிலிருந்து, தவறவிட்டவற்றின் பங்கு தெரியவருகிறது. பாதையின் மேலேயே நிற்பது ஒருபோதும் தவறாது என்ற ஒரு நிபந்தனையின் மீதுதான் இந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தலா 2 கிலோமீட்டர் நீளமுள்ள 20 நேர்கோட்டுப் பாதைகளை நான்கு முறை நடந்தால் மொத்த நடை 160 கிலோமீட்டர். பாதையின் இருபுறமும் 60 மீட்டருக்குள் 80 புள்ளிமான் கூட்டங்களைப் பார்த்ததாகவும், ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக 6 மான்கள் இருந்ததாகவும் கொள்வோம். பட்டைக்குள் இருந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நம்பினால், 19.2 சதுர கிலோமீட்டரில் 80 கூட்டங்கள், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 25 மான்கள் என்று விடை வரும். பார்க்கும் நிகழ்தகவு சராசரியாக 0.5 என்று மென்பொருள் கணித்தால், நாம் மெய்யாகவே கண்ணால் துழாவிய அகலம் இருபுறமும் 30 மீட்டர்தான், பரப்பு 9.6 சதுர கிலோமீட்டராகச் சுருங்க, அடர்த்தி 50 ஆக உயர்கிறது. அதே நடை, அதே மான்கள். விடை மட்டும் இருமடங்கு. பழைய கணக்கெடுப்புகளை இன்றைய எண்களோடு ஒப்பிட்டு மான்கள் பெருகிவிட்டன என்று எழுதுபவர்கள், முந்தைய எண் எந்த முறையில் வந்தது என்று பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

மென்பொருளின் அமைப்பு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் கண்டிப்பு. ஆய்வுப் பகுதி, அதற்குள் காட்டு வகை வாரியான பிரிவுகள், அவற்றுக்குள் பாதைகள், ஒவ்வொரு பாதைக்கும் கீழே பார்வைகள் என்ற அடுக்கில்தான் தரவை ஏற்றுக்கொள்ளும். பகுப்பாய்வு என்பதும் ஒரே பொத்தானில் முடிவதில்லை: எந்தத் தரவை எடுத்துக்கொள்கிறோம், எந்தத் தொலைவோடு நிறுத்திக்கொள்கிறோம், தொலைவோடு பார்வைகள் குறைவதை விவரிக்க எந்த வளைவைப் பொருத்துகிறோம் என்பவற்றைத் தனித்தனியே அறிவித்த பிறகுதான் இயங்கும். ஓட்டி முடித்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சிறு விளக்கு எரியும். மஞ்சள் எரிந்தால் விடை வந்திருக்கிறது, ஆனால் எச்சரிக்கையும் இருக்கிறது என்று பொருள். விடைப் பக்கத்துக்குப் போகும் முன் பதிவேட்டுப் பக்கத்தில் அந்த எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் படிப்பதில்லை.

இந்தக் கண்டிப்பு மிகவும் பயன்படும் இடம், ஒன்றுமே பார்க்காத பாதைகள். களக் குறிப்பேட்டிலிருந்து எக்செல் தாளுக்கு மாற்றும்போது, பார்வை இருந்தால்தான் ஒரு வரி எழுதப்படுகிறது. வெறுங்கையோடு திரும்பிய நடை தாளில் இடம்பெறாமலே போய்விடுகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 5 பாதைகளில் ஒரு மான்கூடத் தென்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவை விடுபட்டால் நடை 160 கிலோமீட்டரிலிருந்து 120 ஆகக் குறையும். அடர்த்தி 50இலிருந்து ஏறக்குறைய 67 ஆக ஏறும். மான் இல்லாத இடத்தை மறைத்ததால் மூன்றில் ஒரு பங்கு மான்கள் கூடுதலாகப் பிறந்துவிடுகின்றன. டிஸ்டன்ஸ் இந்தத் தவற்றைத் தானாகக் கண்டுபிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பாதைகளை முதலில் பட்டியலிட்டு, நீளத்தை எழுதி, அதன் பிறகே பார்வைகளைச் சேர்க்கச் சொல்லும் அதன் அடுக்குமுறையைப் பின்பற்றுபவர் இந்தத் தவற்றில் விழுவது அரிது. உரைக் கோப்பை மொத்தமாக இறக்குமதி செய்யும் வசதியைப் பயன்படுத்துபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்: பார்வையற்ற பாதைக்கும் ஒரு வரி வேண்டும், அதில் தொலைவுக் கட்டம் காலியாக இருக்கும்.

இதற்கு அடுத்துப் பரவலாகக் காணப்படும் கோளாறு, ஒரே பாதையை நான்கு முறை நடந்ததை நான்கு பாதைகளாகப் பதிவு செய்வது. 20 பாதைகள் தாளில் 80 ஆகிவிடும்; விடையின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழை அழகாகச் சுருங்கும்; ஆய்வு நெறியாளரும் மகிழ்வார். ஆனால் திம்பம் மேட்டில் வெட்டிய ஒரு பாதையை எத்தனை முறை நடந்தாலும் அது பவானிசாகர் பக்கத்து முட்புதர்க் காட்டைப் பற்றி எதையும் சொல்லாது. பாதைக்குப் பாதை பார்வை எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளில் பிழையின் பெரும்பகுதி. அதைக் குறைக்க வழி, கூடுதல் இடங்களில் பாதை அமைப்பதுதான். நான்கு நடைகளையும் கூட்டி ஒரே பாதைக்கு 8 கிலோமீட்டர் என்று எழுதுவதே முறை. விடைத்தாளில் பிழை எந்தெந்தப் பகுதியிலிருந்து எத்தனை விழுக்காடு வந்தது என்று மென்பொருள் பிரித்துக் காட்டும்; மேலும் நடக்கலாமா, மேலும் பாதை அமைக்கலாமா என்று முடிவு செய்ய, அந்தச் சிறு பட்டியலைவிடப் பயனுள்ள பகுதி வேறில்லை.

தொலைவை அளப்பதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கணக்கு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். காட்டில் யாரும் பாதையை விட்டு இறங்கி மான் நின்ற இடம் வரை நாடாவைப் பிடிப்பதில்லை. தொலைவுமானியால் விலங்குக்கான நேர்த்தொலைவையும், திசைகாட்டியால் பாதைக்கும் விலங்குக்கும் இடையிலான கோணத்தையும் குறித்துக்கொண்டு, சைன் பெருக்கி செங்குத்துத் தொலைவைப் பெறுகிறோம். 100 மீட்டர் தள்ளிப் பாதைக்குச் சற்று விலகி, 10 பாகைக் கோணத்தில் நிற்கும் காட்டுமாட்டை ‘நேர் முன்னே’ என்று குறித்தால், 17 மீட்டராக இருக்க வேண்டியது சுழி ஆகிவிடும். இப்படிப் பத்துப் பதினைந்து பார்வைகள் சுழியில் குவிந்தால், தொலைவு வாரியாகப் பார்வைகளின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒரு கூர்மையான கம்பம் எழும்பும். ஆபத்து விகித வளைவு என்று சொல்லப்படும் மாதிரி அந்தக் கம்பத்தை விசுவாசமாகப் பின்தொடர்ந்து, பார்க்கும் நிகழ்தகவு பாதையை விட்டு விலகியதுமே சரிந்துவிடுகிறது என்று முடிவுகட்டும். அடர்த்தி தாறுமாறாக உயரும். மாதிரிகளை ஒப்பிட்டுத் தேர உதவும் ஏ.ஐ.சி. அளவுகோலும் அதையே சிறந்த மாதிரி என்று பரிந்துரைக்கக்கூடும். மற்றொரு மாதிரியான அரை இயல்நிலை வளைவு இத்தகைய குவியலுக்கு அவ்வளவு எளிதில் மயங்குவதில்லை. குவியல் தெரிந்தால் தொலைவுகளை 0–10, 10–20 என்று இடைவெளிகளாகத் தொகுத்துப் பகுப்பாய்வு செய்யும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். அதைவிட நல்லது, களத்துக்குப் போகும் முன் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு உட்கார்ந்து கோணத்தை முழுமையாக்காமல், அதாவது உத்தேசமாகச் சுழிக்கோ பத்துக்கோ நகர்த்தாமல், குறிக்கப் பழக்குவது. தொலைவை ஐந்து மீட்டருக்கு முழுமையாக்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கோணத்தை முழுமையாக்குவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

காட்டுச் சாலைகளைப் பாதையாகக் கொள்வது இதே வகைத் தொல்லை. டாப்சிலிப் பக்கம் தேக்குத் தோட்டங்களுக்கு இடையே ஓடும் ஜீப் சாலையில் நடப்பது எளிது. சருகு மிதிபடும் ஓசையும் இல்லை. ஆனால் சாலையோரப் புல்லுக்காகப் புள்ளிமான்கள் ஒதுங்குவதும், ஆள் நடமாட்டத்தால் கடமான்கள் விலகுவதும், பாதையிலிருந்து விலங்குகளின் பரவல் சீரானது என்ற அடிப்படையைச் சிதைத்துவிடுகின்றன. சாலையோரத்தில் சேகரித்த தரவைத் திருத்தித் தரும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை. டிஸ்டன்ஸில் ஆய்வுப் பகுதியின் எல்லைக் கோப்பைக் கொடுத்தால், அதற்குள் சீரான இடைவெளியில் பாதைகளை வகுத்துத் தரும் வடிவமைப்பு வசதி உண்டு. களப்பணிக்குப் பின் வருகிறவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. என் கணிப்பில் மென்பொருளின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

எத்தனை பார்வைகள் வேண்டும் என்ற கேள்விக்கு, நேர்கோட்டு முறையில் 60 முதல் 80 வரை என்பது முறையை வகுத்தவர்களே தரும் வழிகாட்டுதல். புள்ளிமானுக்கு இது ஒரு பருவத்தில் கிடைத்துவிடும். கேளையாட்டுக்கோ சருகுமானுக்கோ கிடைப்பது கடினம். அத்தகைய நிலையில் பல ஆண்டுத் தரவைச் சேர்த்து ஒரே வளைவைப் பொருத்தி, அடர்த்தியை மட்டும் ஆண்டு வாரியாகப் பிரிக்கலாம். மென்பொருள் இதற்கு இடம்தருகிறது. தொலைவில் பெரிய கூட்டங்கள் மட்டுமே கண்ணில் படும் என்பதால் கூட்டத்தின் சராசரி அளவு ஊதிப்போகும் சிக்கலுக்கும் திருத்தம் உண்டு. மிகத் தொலைவான ஐந்து விழுக்காட்டுப் பார்வைகளை வெட்டிவிடுவதும் வழக்கம். ஆனால் வெவ்வேறு இடத்தில் வெட்டிய இரண்டு பகுப்பாய்வுகளின் ஏ.ஐ.சி. மதிப்புகளை ஒப்பிடக் கூடாது.

இனி, இந்த மென்பொருளை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. புலிக்கும் சிறுத்தைக்கும் இது பொருந்தாது. நடந்துபோய் 60 புலிகளைப் பார்ப்பவர் யாரும் இல்லை. புலிக் கணக்கு நம் நாட்டில் நெடுங்காலம் காலடித் தடத்தை நம்பி நடந்தது. ஒடிசாவில் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960களில் வகுத்த அந்த முறைப்படி, 1972இல் நாட்டில் 1,827 புலிகள் என்று சொல்லப்பட்டது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் வெளிப்பட்டபோது அந்த முறையின் மீதிருந்த நம்பிக்கையும் போயிற்று. அதற்கு முன்பே, கர்நாடகத்தின் நாகரகொளெ காட்டில் தானியங்கி கேமராக்களை வைத்து, வரிகளால் புலிகளை அடையாளம் கண்டு, மீள்பிடிப்புக் கணிதத்தால் எண்ணிக்கையை மதிப்பிடலாம் என்று காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருந்தது. மீன்களுக்காக டென்மார்க்கின் பீட்டர்சனும், வாத்துகளுக்காக அமெரிக்காவின் லிங்கனும் பயன்படுத்திய பழைய கணக்குதான் அது: முதல் முறை 20 புலிகள், இரண்டாம் முறை 18 புலிகள், இரண்டிலும் பதிவானவை 12 என்றால், மொத்தம் 20ஐ 18ஆல் பெருக்கி 12ஆல் வகுத்த 30.

இந்தக் கணக்கின் குறை, அந்த 30 புலிகள் எவ்வளவு பரப்பில் வாழ்கின்றன என்று அது சொல்லாதது. அதைத் தீர்க்க வந்த இடஞ்சார் மீள்பிடிப்பு முறைக்கு நியூசிலாந்தின் மர்ரே எஃபோர்டு எழுதிய ‘எஸ்.இ.சி.ஆர்.’ என்ற தொகுப்பு, ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு புலியும் எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்பதைக் கொண்டு அதன் நடமாட்ட வீச்சையும் அடர்த்தியையும் அது ஒருசேரக் கணிக்கும். கேமரா இருப்பிடங்களை மீட்டர் அலகில் கொடுக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தால் விடை பொருளற்றுப் போகும். இடத்தை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். வரைபட முறையில் நம் பகுதிக்கு 43ஆம் மண்டலம். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல என்பதால் கேமராக்களை எதிரெதிராக இரண்டிரண்டாக வைக்க வேண்டும். கருஞ்சிறுத்தைகள் அதிகமுள்ள மலைச்சரிவுகளில் இந்த முறையும் தடுமாறும், ஏனெனில் சாதாரணப் படத்தில் அவற்றின் புள்ளிகள் தெரிவதில்லை.

யானைக்கு டிஸ்டன்ஸ் மறைமுகமாகப் பயன்படுகிறது. நேர்கோட்டுப் பாதையிலிருந்து சாணக் குவியல்களின் தொலைவை அளந்து குவியல் அடர்த்தியைப் பெற்று, அதைக் குவியல் மக்கும் வேகத்தால் பெருக்கி, ஒரு யானை ஒரு நாளில் இடும் எண்ணிக்கையால் வகுத்தால் யானை அடர்த்தி வரும். குவியல் ஓடாது, முட்டாது. அளப்பதற்கு அதைவிட வசதியான பொருள் காட்டில் இல்லை. ஆனால் பின்னிரண்டு எண்களும் வேறு காட்டிலிருந்து, வேறு பருவத்திலிருந்து கடன்வாங்கப்படும்போது கணக்கு ஆட்டம் காண்கிறது. தென்மேற்குப் பருவமழையில் ஊறும் வால்பாறைச் சோலையில் குவியல் மக்கும் வேகமும், மழை மறைவில் காய்ந்து கிடக்கும் தலமலையின் வேகமும் ஒன்றாக இருக்க முடியாது. கணக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களில் அதே காட்டில் புதுக் குவியல்களைக் குறித்துவைத்து, அவை எப்போது மறைகின்றன என்று பார்க்காதவர்கள் இந்த வசதியைத் தொடாமல் இருப்பது நலம்.

மரக்கிளையில் வாழும் மலை அணிலும் சோலைமந்தியும் நடப்பவரின் தலைக்கு நேர் மேலேயே மறைந்திருக்கக்கூடும் என்பதால், பாதையின் மேல் நிற்பது தவறாது என்ற நிபந்தனை அவற்றுக்கு உடைந்துவிடுகிறது. இருவர் தனித்தனியே பார்த்துக் குறிக்கும் இரட்டைப் பார்வையாளர் தரவு இருந்தால், அதற்கான பகுப்பாய்வும் மென்பொருளில் உண்டு. புல்வெளி மலையில் வாழும் வரையாட்டுக்கு நேர்கோட்டில் நடப்பதே பல இடங்களில் முடியாத காரியம். 2024இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என்று அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பு, இரட்டைப் பார்வையாளர் முறை போன்ற வேறு வழிகளைக் கையாண்டது.

கருவி என்ற அளவில் குறைகளும் உண்டு. விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். திரையில் உள்ளவை அனைத்தும் ஆங்கிலம். உதவிக் குறிப்புகள் விரிவானவை, ஆனால் புள்ளியியல் அடிப்படை இல்லாதவருக்கு எளிதானவை அல்ல. திரைத் தோற்றம் பழைய காலத்து அலுவலக மென்பொருள்களை நினைவூட்டும். புதிய வசதிகளை விரும்புபவர்கள், அதே குழுவினர் ஆர் மென்பொருளுக்கென எழுதிய ‘டிஸ்டன்ஸ்’ தொகுப்பைக் கற்றுக்கொள்வது நல்லது. செய்த ஒவ்வொரு படியும் எழுத்தாகப் பதிவாகிவிடுவதால், ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டுத் தேர்வாளர் கேள்வி கேட்கும்போது பதில் கையில் இருக்கும். நிரல் எழுதத் தயங்குபவர்களுக்கு விண்டோஸ் பதிப்பே போதும். விலை இல்லை, சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் விடை வரும்.

வரும் விடையை எப்படி வெளியிடுகிறோம் என்பதிலும் மென்பொருள் தன் கடமையைச் செய்துவிடுகிறது, செய்யாதவர்கள் நாம்தான். அடர்த்தி 50, மாறுபாட்டுக் கெழு (அடர்த்தியில் திட்டப்பிழையின் பங்கு) 20 விழுக்காடு என்றால், உண்மை விடை இருக்கக்கூடிய வீச்சான 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 34 முதல் 74 வரை நீளும். விடைத்தாளில் இவை ஒரே வரியில் அச்சாகின்றன. செய்திக் குறிப்பில் 50 மட்டும் தப்பிப் பிழைக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான அகில இந்தியப் புலிக் கணக்கில் குறைந்தபட்சம் 3,167 என்றும், மேல் எல்லை 3,925 என்றும், சராசரி 3,682 என்றும் அறிவிக்கப்பட்டது. பொதுப் பேச்சில் நிலைத்தது கடைசி எண் ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளின் நம்பிக்கை இடைவெளிகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, மான் கூடியது என்றோ குறைந்தது என்றோ எழுதுவதற்கு அந்தத் தரவில் ஆதாரம் இல்லை என்பதை மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டில் எழுதத் தயங்கக் கூடாது.

பயன்படுத்தத் தொடங்குபவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. டிஸ்டன்ஸ் ஒரு திட்டத்தைச் சேமிக்கும்போது .டி.எஸ்.டி. என்று முடியும் கோப்பு ஒன்றையும், அதே பெயரில் .டி.ஏ.டி. என்று முடியும் கோப்புறை ஒன்றையும் உருவாக்கும். தரவு முழுவதும் இருப்பது அந்தக் கோப்புறையில்தான். நெறியாளருக்கு மின்னஞ்சலில் முதல் கோப்பை மட்டும் அனுப்பினால் அவரால் திறக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். மடிக்கணினியை மாற்றும்போதும் அந்தக் கோப்புறையைச் சேர்த்தே நகலெடுங்கள்.